ஸ்மித் என்ற எட்டுப் பேர்

அண்ணையை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்துச் சலவை அறையில். அப்போது என் மூத்தவனுக்கு ஒன்பது மாதம். அவனை ஒரு கையிலும் அவனுடைய உடுப்புக் கூடையை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனால், அங்கிருந்த மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள்ளே தண்ணீர் சேற்று நிறத்தில் சுழன்றது. மேசையில் இன்னும் கழுவாத ஜேர்சிகள் குவியலாகக் கிடந்தன. மேலே கிடந்த ஒன்றின் கழுத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம். குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலில் ஒரு தையற்பெட்டியை வைத்துக்கொண்டு கட்டையான தமிழ் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு காலைப் பின்னுக்கு எடுத்து வைத்தேன்.

"பயப்பிடாதையும் தங்கச்சி," என்றார். "ஒருத்தரையும் கொல்லேல்லை. றக்பி விளையாடினவங்கள்."

அவருடைய றக்பிக் கழகத்தின் மெஷின் பழுதாகிவிட்டதாம். இன்னும் பத்து நிமிடத்தில் ஒன்று விடுபடும் என்றார். இரத்தம் சுழன்ற மெஷினில் பிள்ளையின் சட்டைகளைப் போடுவதா என்று நான் தயங்கியதை அவர் கண்டிருக்க வேண்டும். மெஷின் நின்றதும் ஜேர்சிகளை எடுத்துவிட்டு, அதை வெறும் சுடுதண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டார். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே முழுவதையும் துடைத்து, அந்தத் துணியை என்னிடம் நீட்டிக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் நம்பாத எனக்கு, என்னைப்போல் இன்னொருவரைக் கண்ட நிம்மதி வந்தது.

அண்ணை எனக்கு உறவில்லை. ரொறன்ரோவின் அஜின்கோர்டில் அந்தத் தொடர்மாடியில் நாங்கள் ஒன்பதாம் மாடி, அவரும் அவருடைய மனைவி அக்காவும் நான்காம் மாடி. யாழ்ப்பாணத்துக்காரர்தான் என்றாலும், தகப்பனுக்குக் கண்டியில் புகையிரதப் பகுதியில் வேலை என்பதால் படித்தது அங்கே. றக்பி பழகியதும் அங்கே. எங்களைப்போல் கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர் அல்ல. எழுபதுகளிலேயே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். கிழமை நாட்களில் ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை. சனி ஞாயிறுகளில் அந்தக் கழகத்தின் உடுப்புப் பொறுப்பாளர். இரத்தத்தை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை சீவியத்துக்கும் போகாது என்பதையெல்லாம் அவர் வைத்தியசாலையிலிருந்து கழகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

கழகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த றக்பி பதினைந்து பேர் ஆடுவது. அதற்கு யூனியன் என்று பெயர். இது பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக். இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் நெசவாலையிலும் வேலை செய்துவிட்டு இங்கே வந்த சிலர், ஸ்காபரோவில் ஒரு பூங்காவின் ஓரத்தில் தொடங்கிய கழகம். ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். அதனால் அது தொழில்முறைக் கழகம். கூரை வேய்பவர், தீயணைப்பு வீரர், தெருவில் ஓடும் ட்ராமின் தண்டவாளம் திருத்துபவர் என்று எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தோற்றாலும் வென்றாலும் எதிரணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய மாறாத வழக்கம். முன்பு இறைச்சி அடைத்த 'பை' என்ற பலகாரமும் அவித்த பட்டாணியும் கொடுத்தார்களாம். நான் போன காலத்தில் அக்காவின் மட்டன் ரோல்ஸும் அந்த மேசையில் ஏறியிருந்தது. அமெரிக்க எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அணிகள்கூட அதைத்தான் முதலில் தேடும்.

அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பந்தோடு ஓடுபவனை எதிரணியினர் விழுத்தினால் ஆட்டம் நின்றுவிடாது. விழுந்தவன் தானே எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். அப்படி ஆறு முறை. ஒவ்வொரு முறையும் ஒருவன் விழுந்து, எழுந்து, உருட்டுவான். முதல் ஆட்டத்தைப் பார்த்தபோது பிள்ளையின் கண்ணைப் பொத்தினேன். மூன்றாவது ஆட்டத்தில் அவனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.

"நீர் ரைப் பண்ணுவீரோ?" என்று அண்ணை ஒரு நாள் எலிவேற்றரில் கேட்டார். ஊரில் உயர்தரம் முடித்துத் தட்டெழுத்துச் சான்றிதழும் எடுத்திருந்தேன். இங்கே வந்த பிறகு அந்தச் சான்றிதழைத் திறந்து பார்த்ததுகூட இல்லை. கழகத்துக்கு இருபத்தைந்து ஆண்டு நிறையப் போகிறது, செயலாளருக்கு எழுத்து வேலைக்கு ஓர் ஆள் தேவை, கிழமையில் மூன்று காலைகள், பிள்ளையை அக்கா பார்ப்பா என்றார். ஒன்பது மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாயைப் பற்றி ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று இரண்டு கிழமை யோசித்தேன். என் கணவர்தான், "அஞ்சு மாடி இறங்கின உடன பிள்ளை உம்மை மறந்திடுவானே?" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

செயலாளர் உயரமான, எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரக் கிழவர். பார்வையாளர் மேடைக்கு அடியில் ஓர் அறை, அதுதான் அலுவலகம். அவர் மூன்று சப்பாத்துப் பெட்டிகளை என் முன்னால் வைத்தார். இருபத்தைந்து ஆண்டு ஆட்டச் சீட்டுகள் அவற்றுள் இருந்தன. ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு. அதில் ஆடியவர்களின் பெயரும் இடமும். இங்கிலாந்தில் சில பழைய கழகங்களில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். கழகத்துக்காக முதன்முதலில் களமிறங்கிய ஒழுங்கில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண். முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு. ஒரே ஓர் ஆட்டம் ஆடியவருக்கும் எண் உண்டு, இருநூறு ஆட்டம் ஆடியவருக்கும் ஒரே எண்தான். அவர் போனாலும் செத்தாலும் அந்த எண் வேறு எவருக்கும் போகாது. எங்கள் கழகத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு வேண்டும். ஆண்டு விழாவில் எல்லோரையும் எண் ஒழுங்கில் களத்தில் நிறுத்தி, அந்த எண்ணைச் சின்னத்துக்குக் கீழே தைத்த ஜேர்சி ஒன்றைக் கொடுப்பார்கள்.

நான் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை போட்டேன். ஒரு பெயரை இரண்டாய் எண்ணிவிடுவேனோ, இரண்டு பேரை ஒன்றாக்கிவிடுவேனோ என்ற பயத்தில், வீட்டில் பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதும் பெயர்களை முணுமுணுத்தேன். இரண்டு மாதத்தில் பதிவேடு முடிந்தது. செயலாளர் எண்களை அண்ணையிடம் கொடுத்தார். வருவதாகக் கடிதம் போட்ட அறுபது பேரின் ஜேர்சிகளிலும் அவர் எண் தைக்கத் தொடங்கினார்.

பதிவேட்டோடு ஒரு சிறு ஆண்டு விழா மலருக்கும் நான் எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு பந்தியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஸ்மித் என்று ஓர் ஆட்டக்காரர். முதலெழுத்துக்கூட இல்லை, வெறும் ஸ்மித். முதலாம் ஆண்டுச் சீட்டில் இருந்தார். பதினான்காம் ஆண்டுச் சீட்டிலும் இருந்தார். ஒரு ஆண்டு ஓரத்தில் வேகமாக ஓடுபவரின் இடம், இன்னொரு ஆண்டு நடுவே மோதும் பருத்த ஆளின் இடம். இடையில் இரண்டு மூன்று ஆண்டு காணாமல் போய்த் திரும்பி வந்தார். அவருக்கு இருபத்து மூன்று என்று எண் கொடுத்து, 'எந்த இடத்திலும் ஆடக்கூடிய, கழகத்தை எந்நாளும் மறக்காத அமைதியான சேவையாளர்' என்று எழுதியிருந்தேன்.

செயலாளர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, மேசையைப் பிடித்துக்கொண்டார். வெளியே புல்லுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார். ஸ்மித் என்று ஓர் ஆளே இல்லை. அந்தக் காலத்தில் யூனியன்காரர்கள், பதின்மூன்று பேர் ஆட்டத்தில் ஒரே ஒரு நாள் கால் வைத்தவனையும் ஆயுளுக்கும் தங்கள் களத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் யூனியன் ஆடுகிற ஒருவன் இங்கே பரீட்சித்துப் பார்க்க வந்தால், சீட்டில் ஸ்மித் என்று எழுதிவிடுவார்கள். பிடித்தால் இருந்துவிடுவான், பிடிக்காவிட்டால் வந்த சுவடு தெரியாமல் போய்விடுவான். இங்கிலாந்திலும் அப்படித்தான் செய்தார்கள். அண்மையில் யூனியனே தன் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கி, அந்தத் தடையும் போய்விட்டது. "நீங்கள் ஒரு படையையே ஒரு மனிதனாக்கிவிட்டீர்கள்," என்றார் செயலாளர். எல்லா ஸ்மித்துக்கும் சேர்த்து அந்த ஒரே எண் இருக்கட்டும், விருந்தில் ஒரு கதிரையை வெறுமையாக விடுவோம், நல்ல பகிடியாக இருக்கும் என்று முடிவானது.

எனக்கு முகம் எரிந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக அக்கா வீட்டுக்குப் போனதும், மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே பகிடியாகச் சொல்லிவிட நினைத்தேன்.

"ஸ்மித் எண்டு ஒரு ஆளே இல்லையாம் அக்கா. நான் அவருக்கு அமைதியான சேவையாளர் எண்டு எழுதிப்போட்டன்."

அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, சன்னல் பக்கம் பார்த்தா. அண்ணை அங்கே எண் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றுவிட்டது.

"இப்ப என்ன செய்யப்போகினமாம்?" என்றார்.

"எல்லா ஸ்மித்துக்கும் சேத்து ஒரு நம்பர். ஒரு கதிரையைச் சும்மா விடுவினமாம். பகிடிக்கு."

"பகிடிக்கு," என்றார் அண்ணை.

"சொல்லுங்கோவன் அவளுக்கு," என்றா அக்கா. "இனி ஆர் உங்களைப் பிடிச்சுத் தூக்கில போடப்போகினம்?"

அக்காதான் சொன்னா. இங்கே வந்த புதிதில் அண்ணை ஒரு யூனியன் கழகத்தில் ஆடியிருக்கிறார். இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் சிநேகிதர்கள் அவர்கள்தான். தங்க அறை பிடித்துக் கொடுத்தவர்கள், குளிருக்குக் கோட் வாங்கிக் கொடுத்தவர்கள். மூத்த மகள் பிறந்த ஆண்டு அவர்களுக்குத் தெரியாமல் இந்தப் பதின்மூன்று பேர் கழகத்தில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தார், ஸ்மித்தாக. முழு ஆட்டமும் களத்தில் நின்றார். முடிவதற்குச் சற்று முன் அவரைவிட இரு மடங்கு பருமனான ஒருவனைத் தனியாக விழுத்தினார். விழுந்தபோது அவன் அவருடைய இடது தோளின்மேல் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. யூனியன் சிநேகிதர்களுக்கு, வாசற்படியில் ஐஸ் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்.

"பழக்கூடையோட வந்து பாத்தவங்கள்," என்றார் அண்ணை, ஊசியைப் பார்த்தபடி. "ஒருத்தன் எங்கட படியெல்லாத்துக்கும் ஐஸ் கரைய உப்புப் போட்டிட்டுப் போனவன், நான் திருப்பி விழக்கூடாதெண்டு. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அந்தத் தோளால் அவர் பிறகு எந்த றக்பியும் ஆடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து உடுப்புப் பொறுப்பாளராகத்தான் இந்தக் கழகத்துக்குத் திரும்பிப் போனார். அவரை ஸ்மித் என்று எழுதிய பழைய செயலாளர் அதற்குள் இறந்துவிட்டார். அன்று கூட ஆடியவர்களும் வேலை தேடி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். புதியவர்களுக்குத் தெரியாது.

"ஏனண்ணை இவ்வளவு காலமும் அவையிட்ட சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. பிறகு, கேட்டாலும் சொல்லேலாத அளவுக்கு நாள் போட்டுது." நூலைப் பல்லால் கடித்தார். "நீர் உதை ஒரு இடத்திலையும் எழுதப்பிடாது. விளங்கிச்சோ?"

ஓம் என்றேன். ஆனால் அன்று முழுவதும் எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மற்றவர்களின் சேற்றைக் கழுவுகிற மனிதர். அவருக்கு உரிய எண்ணை நான்தான் வேறு எத்தனையோ பேரோடு சேர்த்து ஒரு பகிடியாக்கியிருக்கிறேன். சொல்லாதே என்றவரின் பேச்சை மீறினாலும் பிழை, சும்மா இருந்தாலும் பிழை. மலர் அச்சுக்குப் போக இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

அடுத்த முறை நான் வேலைக்குப் போன நாளில் அக்காவுக்குப் பல் வைத்தியரிடம் போக இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போனேன். சீட்டுகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவன் ஒன்றை இழுத்து ஒரு மூலையைச் சப்பிவிட்டான். பதறிப்போய்ப் பறித்து, எச்சிலைத் துடைக்கத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு சீட்டைக்கூடத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தவள், மூன்று முறையும் முன்பக்கத்தையே பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தில் இருந்தது அந்தந்தக் காலத்து உடுப்புப் பொறுப்பாளரின் குறிப்பு: யாருக்கு எது இரவல் கொடுத்தது, யாருக்கு என்ன காயம். ஒளித்து ஆட வருகிறவன் சொந்தச் சப்பாத்தோடு வரமாட்டான். வீட்டிலிருந்து பையோடு புறப்பட்டால் பிடிபட்டுவிடுவான். அதனால் ஒவ்வொரு ஸ்மித்துக்கும் கழகம்தான் சப்பாத்து இரவல் கொடுத்திருக்கிறது. அளவுகள் எழுதியிருந்தன. ஸ்மித், ஒன்பதரை. ஸ்மித், பத்து, அகலம். ஸ்மித், பன்னிரண்டு கேட்டார், பதினொன்றுதான் இருந்தது.

பிள்ளையை நிலத்தில் ஒரு பந்தோடு விட்டுவிட்டு எல்லாப் பெட்டியையும் கவிழ்த்தேன். ஸ்மித் வந்த சீட்டுகளை எடுத்து, சப்பாத்து அளவு, ஆடிய இடம், காயம் என்று பிரித்து அடுக்கினேன். மத்தியானத்துக்குள் ஒரு ஸ்மித் எட்டுப் பேராகிவிட்டார். ஆறாவது சீட்டில் இப்படி இருந்தது: ஸ்மித், ஏழு, கழகத்தில் உள்ளதில் மிகச் சிறியது, கால்விரலில் பஞ்சு வைத்துக் கொடுத்தது. இடது காறை எலும்பு.

அந்தச் சனிக்கிழமை காலை குழுக் கூட்டம். செயலாளரும் நான்கு குழு உறுப்பினர்களும் அணித் தலைவரும் இருந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தேன். எட்டுச் சீட்டுகளையும் பின்பக்கமாக மேசையில் பரப்பி, இவர்கள் ஒருவரல்ல, எட்டுப் பேர், எட்டு எண் கொடுக்க வேண்டும் என்றேன். எவருடைய பெயரையும் நான் சொல்லவில்லை.

செயலாளருக்குப் பிடிக்கவில்லை. தங்களைப் பற்றி எந்தத் தடயமும் இருக்கக் கூடாது என்று கேட்டுத்தான் அவர்கள் வந்தார்கள், கழகம் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது என்றார். பகிடி என்று சிரித்த மனிதர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் மனம் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடப் பார்த்தது. ஆனாலும் வாய் பேசிவிட்டது. "நீங்கள் வாக்குக் கொடுத்தது பெயரைச் சொல்லமாட்டோம் என்று. அவர்கள் ஆடவேயில்லை என்று சொல்வதாக வாக்குக் கொடுக்கவில்லை. எண்ணுக்குப் பெயர் தேவையில்லை. ஸ்மித் என்றே இருக்கட்டும். எப்போதாவது ஒருவர் வந்து சப்பாத்தின் அளவைச் சரியாகச் சொன்னால் பெயரை எழுதுவோம்."

செயலாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். ஏழாம் அளவில் சற்று நின்றார். அப்போது அணித் தலைவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். மேற்கையில் பச்சை குத்தியிருந்தது: நூற்று எழுபத்தொன்று.

"அப்ப இதை என்ன செய்ய?" என்றார்.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. ஸ்மித்துகளுக்கு எண் கொடுத்தால் பின்னால் வருபவர்களின் எண்கள் எல்லாம் தள்ளிப்போகும் என்பது தெரியும். அதை ஒருவர் தோலில் எழுதிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஸ்மித்தை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது, இன்னும் ஏழு கூட வேண்டும் என்று யாரோ விரல் விட்டுச் சொன்னார்கள். நூற்று எழுபத்தெட்டு. தலைவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்றை எட்டாக்கலாம்," என்றார் கடைசியில். "நல்ல வேளை, பத்து ஸ்மித் வரவில்லை." அந்தச் சிரிப்போடு முடிவாகிவிட்டது. வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த எட்டுப் பேருக்கும் ஜேர்சி தைத்து வையுங்கள், பெரிய அளவில், எவருக்கும் அளவாக இருக்கும் என்று செயலாளர் சொன்னார்.

அண்ணையிடம் அதைச் சொல்லப் போனேன். அறுபது ஜேர்சியிலும் பெரும்பாலானவற்றில் எண் தைத்து முடித்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"என்ரை பேர் வந்ததோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி." ஒரு ஜேர்சியை இழுத்து, எண்ணின் தையலைக் கத்தரி நுனியால் பிரிக்கத் தொடங்கினார். "நல்ல வேலை பாத்தீர். இனி இருந்து எல்லாத்தையும் பிரிக்கவேணும். சீட்டைத் திருப்பிப் பாக்க உமக்கு வேற நாள் கிடைக்கேல்லையே?"

"சும்மா இருங்கோ," என்றா அக்கா குசினி அடுப்படியிலிருந்து. "பிரிக்கிற கையைப் பாத்தால் கோவக்காரன்ர கை மாதிரித் தெரியேல்லை."

அவர் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பழையதை அவர் தொட வேண்டாம் என்றாரே, தோண்டிவிட்டேனோ என்ற எண்ணம் பல நாள் இருந்தது. இப்போதும் சிலசமயம் வருகிறது. நாங்கள் விட்பிக்கு வீடு மாறி வந்துவிட்டோம். மூத்தவன் பாடசாலைக்குப் போகிறான், இளையவளுக்கு ஐந்து மாதம். பதிவேட்டை இப்போது வேறொருவர் எழுதுகிறார். எண்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. இளையவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வாழ்க்கையில் எதை ஒழுங்காகச் செய்தோம் என்று என்னை நானே குடைகிற நாட்களில், நான் போய் நிற்பது அந்த விழா நாளில்தான்.

நல்ல வெயில். செயலாளரின் தொண்டை கட்டிப்போயிருந்தது. அட்டைகள் உங்களுடையவை, நீங்களே வாசியுங்கள் என்று மைக்கை என்னிடம் தந்துவிட்டார். என் ஆங்கிலத்தை இத்தனை பேர் கேட்கப் போகிறார்களே என்று அட்டைகளை இன்னொரு முறை ஒழுங்கு பார்த்தேன். அக்கா எனக்குப் பின்னால் பார்வையாளர் மேடையின் முன்வரிசையில் என் பிள்ளையை மடியில் வைத்திருந்தா. அண்ணை களத்தின் ஓரத்தில் ஜேர்சிப் பெட்டிகளோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத இரண்டு வெள்ளைக்கார முதியவர்கள். யார் என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். வந்தவர்கள் ஒழுங்காக ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றார்கள். வராதவருக்கும் இறந்தவருக்கும் ஓர் ஆள் இடம் விட்டார்கள். ஸ்மித் என்று வந்தால் நான் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் ஸ்மித்துக்குப் பத்து எண்ணினேன். இடைவெளி. மூன்றாவது ஸ்மித்துக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து நரைத்த பெரிய மனிதர் ஒருவர் எழுந்து வந்தார். அளவு என்ன என்று செயலாளர் கட்டிய தொண்டையால் கேட்டார். "பன்னிரண்டு," என்றார் அவர். "நீங்கள் தந்தது பதினொன்று. இன்னும் அந்தப் பெருவிரல் நோகிறது." மேடை முழுவதும் எழுந்து கை தட்டியது.

தொண்ணூற்று நான்கு வந்தது. "ஸ்மித்," என்றேன்.

ஐந்து எண்ணினேன். அண்ணை பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து எண்ணினேன். செயலாளர் என்னைப் பார்த்தார். ஏற்பாட்டின்படி நான் அடுத்த அட்டையை எடுக்க வேண்டும். வாழ்க்கையில் சொன்னதைச் சொன்னபடி செய்தே பழகியவள், அன்று அட்டையைத் திருப்பவில்லை. பதினைந்து. இருபது. கூட்டம் அசையத் தொடங்கியது. செயலாளர் என் முழங்கையைத் தொட்டார். அப்போது அந்த இரண்டு முதியவர்களில் ஒருவர் அண்ணையின் முதுகில் கையை வைத்து, குழந்தையைத் தள்ளுவதுபோல் மெல்லத் தள்ளினார். அவர்கள் அந்தப் பழைய யூனியன் சிநேகிதர்கள் என்பதை அக்கா எனக்குப் பிறகு சொன்னா. விழாவுக்கு முந்திய கிழமைதான் அண்ணை அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஐஸில் வழுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். படிக்கு உப்புப் போட்டவர் முதலில் ஏசினாராம்.

அண்ணை குனிந்து பெட்டியிலிருந்து ஒரு ஜேர்சியை எடுத்தார். ஸ்மித்துகளுக்கு எல்லாம் பெரிய அளவில் தைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் கையில் இருந்தது சிறியது, இருபத்தைந்து வயது மெலிந்த ஆளின் அளவு. அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து, தொண்ணூற்று மூன்றுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் நின்றார்.

செயலாளரின் வாய் திறந்திருந்தது. பதினைந்து ஆண்டாகத் தன் பக்கத்தில் இருந்த மனிதரிடம், ஏதோ புதியவரிடம் கேட்பதுபோல், அளவு என்ன என்று கேட்டார்.

"ஏழு," என்றார் அண்ணை. "முன்னுக்குப் பஞ்சு."

தொண்ணூற்றைந்தாம் ஆள் ஒரு மலை போன்றவர். அவர் ஜேர்சியை வாங்கி அண்ணையின் தலைக்கு மேலாகப் போட்டுவிடப் பார்த்தார். அது வயிற்றுக்கு மேல் இறங்கவில்லை. இடது கையும் தோளுக்கு மேலே உயரவில்லை. இருவரும் சிரித்தபடி அதைத் திரும்பக் கழற்றினார்கள். பின்னால் முன்வரிசையில் அக்கா, "அளவெடுக்கேக்கை நான் சொன்னனான்," என்று என் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது மைக்கில் விழுந்து களம் முழுவதும் தமிழில் கேட்டது.

செயலாளர் பேனாவை என் கையில் தந்தார். ஸ்மித் என்பதற்குப் பக்கத்தில் பெயரை எழுதினேன். இந்தக் குறிப்பில் அவருடைய பெயரை நான் எழுதவில்லை. பத்திரிகையில் எல்லாம் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து, எண்ணைச் சொல்லி, தகப்பன் பெயரை முதலிலும் அவருடைய பெயரைப் பின்னாலும் வைத்து, ஓர் எழுத்தையும் சுருக்காமல் எங்கள் உச்சரிப்பிலேயே வாசித்தேன்.